டயரின் வயது

மோட்டார்க் காரின் டயர் ஓடி ஓடித் தேய்வதை யாவரும் கண்கூடாகக் காண்கிறோம். ஓடாமல் நிற்கும் டயரும் நாளுக்கு நாள் மூப்படைகிறது என்பதை நம்மில் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் காரைக் கோயிலுக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். எட்டு ஆண்டுகளில் வண்டி பதினைந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிராது. டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். கறுப்பு நிறமும் பெரிதாக மாறியிராது. "புதிய டயர் போலவே இருக்கிறது" என்று பார்ப்பவர் சொல்வர். கோடை விடுமுறையில் பேரன் பேத்திகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதுதான், அந்த டயர் புதியதா பழையதா என்பது தெரியவரும். அவ்வாறு தெரிந்துகொள்வது மிகவும் ஆபத்தான வழி.

டயருக்கு இரண்டு வயதுகள் உண்டு என்று கூறலாம். ஒன்று கிலோமீட்டரால் அளக்கப்படுவது. மற்றொன்று ஆண்டுகளால் அளக்கப்படுவது. முதல் வயதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை ஓட்டத்தில் வைத்திருத்தல் கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகளாக அமைந்திருக்கும் தேய்மானக் குறிகள் அந்த எல்லையைக் காட்டிவிடும். இரண்டாவது வயதைக் காட்டும் குறி எதுவும் டயரின் மேற்புறத்தில் தோன்றுவதில்லை. அந்த வயது எவ்வாறு ஏறுகிறது, அதை எவ்வாறு அறிவது, எவ்வாறு ஓரளவு தாமதப்படுத்துவது என்பவற்றை இங்கே காண்போம்.

ரப்பர் என்னும் பொருள்

மரத்திலிருந்து வடியும் பாலே ரப்பருக்கு மூலம். பிரேஸில் நாட்டுக் காடுகளுக்கு உரிய இம்மரத்தின் விதைகளை 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. இந்தியாவில் வாணிக முறையிலான முதல் ரப்பர்த் தோட்டம் 1902-இல் கேரளத்தில் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் அமைந்தது. இன்றைய கார் டயரில் மரத்து ரப்பரோடு, பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது.

ரப்பரின் மூலக்கூறு மிக நீண்ட சங்கிலி போன்றது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட அச்சங்கிலிகள், சிக்குண்ட நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் சுருள் விரிகிறது. விட்டால் மீண்டும் சுருள்கிறது. ரப்பரின் நெகிழ்ச்சிக்கு இதுவே காரணம். ஆயினும் பச்சை ரப்பரில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் இருப்பதால், வெயிலில் அது பிசுபிசுத்து இளகும். குளிரில் விறைத்துப் போகும். இந்தக் குறையால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ச் சாமான்களை வாங்கியோர் பெரிதும் அவதியுற்றனர்.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் இம்முறையை வகுத்தார். ரோமானியரின் அக்கினி தேவனான வல்கன் பெயரால் இது 'வல்கனைஸ்' செய்தல் எனப்பட்டது. கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலமாக நின்று பிணைக்கின்றன. பாலங்கள் மிகக் குறைந்தால் ரப்பர் கொழகொழக்கும். மிக அதிகமானால் விறைக்கும். வெல்லப்பாகு காய்ச்சுவோர் அறிந்த விஷயம் இது. பதம் வருமுன் இறக்கினால் ஓடும். பதம் கடந்தால் கல்லாகும். டயர்த் தொழிற்சாலையில் சரியான பதத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் டயருக்குள் பாகு மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கிறது. டயர் மூப்படைகிறது என்பதன் பொருளில் பெரும்பகுதி இதுதான்.

பிராணவாயுவும் உஷ்ணமும்

நம் உயிருக்கு ஆதாரமான பிராணவாயுவே ரப்பருக்குப் பகை. ரப்பர்ச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு என்னும் நலிந்த இடங்கள் உள்ளன. அவற்றின் அருகே பிராணவாயு சென்று வினைபுரியத் தொடங்கினால், ஓரிடத்தில் நிகழும் வினை அடுத்த இடத்துக்கும் தாவும். சில இடங்களில் சங்கிலி அறுபடும். சில இடங்களில் வேண்டாத புதிய பாலங்கள் முளைக்கும். கார் டயரில் இப்புதிய பாலங்களின் விளைவே மேலோங்கி நிற்கிறது. ஆதலால் பழைய டயரின் ரப்பர் கடினமாகிறது; இழுத்தால் முன்போல் நீளாமல் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது.

இவ்வினையின் வேகம் உஷ்ணத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி செல்ஸியஸ் உஷ்ணம் கூடினால் இத்தகைய இரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது விஞ்ஞானிகள் கைக்கணக்காகக் கொள்ளும் விதி. அந்தக் கணக்கின்படி, இருபது டிகிரியில் குளிர்ந்த அறையில் இருக்கும் டயரைக் காட்டிலும் நாற்பது டிகிரியில் இருக்கும் டயர் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படையும். நம் நாட்டில் இதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி இராஜஸ்தானத்தின் பலோடியில் காற்றின் உஷ்ணம் 51 டிகிரியை எட்டியது. அது நிழலில் அளந்த அளவு. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு அறுபது டிகிரியையும் கடப்பதுண்டு. சிம்லாவில் நிற்கும் காரின் டயரும் நாகபுரியில் நிற்கும் காரின் டயரும் ஒரே வாரத்தில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவையாயினும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவை ஒரே வயதினவாக இரா.

ஓஸோனும் வெயிலும்

பிராணவாயுவின் மற்றொரு வடிவம் ஓஸோன். வானத்தின் மேலடுக்கில் இருந்து சூரியனின் கொடுங்கதிர்களைத் தடுக்கும் அதே வாயு, தரைமட்டக் காற்றிலும் பத்துக்கோடியில் சில பங்கு என்ற அளவில் கலந்திருக்கிறது. வாகனப் புகைமீது வெயில் படும் பெருநகரங்களில் அதன் அளவு கூடுகிறது. இவ்வளவு சொற்பமான ஓஸோனும் ரப்பரின் இரட்டைப் பிணைப்பை நேரே வெட்டிவிட வல்லது.

ஓஸோனுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரையே அது பிளக்கிறது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை இழுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி வைப்போம். மற்றொன்றைத் தளர்வாக அருகில் தொங்கவிடுவோம். சில வாரங்களில் இழுபட்ட வளையத்தில், இழுப்புக்குக் குறுக்காகச் சிறு வெடிப்புகள் தோன்றி, ஒரு நாள் அது அறுந்துவிடும். தளர்ந்த வளையம் அந்த அளவு சேதமடையாது. காற்றடைத்து வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கும் டயரின் பக்கச்சுவர் எப்பொழுதும் இழுபட்டே இருக்கிறது. பழைய டயரின் பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் நாம் காணும் நுண்ணிய வெடிப்புகள் இவ்வாறு பிறந்தவையே.

வெயிலின் புறஊதாக் கதிர்களும் ரப்பரைச் சிதைப்பவை. ஆனால் இவற்றுக்கு எதிராக டயருக்கு நல்ல கவசம் இருக்கிறது. ஆதியில் டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரித்தூளை ரப்பரில் கலந்தபோது, தேய்மானத்தைத் தாங்கும் வலிமை பன்மடங்கு பெருகுவது தெரிந்தது. டயர் கறுப்பானது அன்றுமுதல்தான். அக்கரித்தூளே புறஊதாக் கதிர்களை உறிஞ்சி, அவை உள்ளே செல்லாமல் தடுக்கிறது.

ஓடும் டயர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்

ஓஸோனைத் தடுப்பதற்கென்றே டயர் ரப்பரில் இரு பொருள்களைக் கலக்கிறார்கள். ஒன்று மெழுகு. அது மெல்ல மேற்புறத்துக்குக் கசிந்து, மெல்லிய திரையாகப் படிகிறது. மற்றொன்று ஓஸோன் தடுப்பு இரசாயனம். ரப்பரைத் தாக்க வரும் ஓஸோனைத் தான் முந்திக்கொண்டு எதிர்கொண்டு, அதனோடு வினைபுரிந்து அது அழிகிறது. டயரின் பக்கச்சுவரில் சில சமயம் பழுப்பு நிறம் படிந்திருப்பதைக் காணலாம். அது அழுக்கு என்று எண்ணித் தேய்ப்போர் பலர். உண்மையில் அது இக்காவற்பொருள் வெளிவந்து தன் கடமையைச் செய்ததன் அடையாளம்.

டயர் உருளும்போது அதன் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த அசைவு காவற்பொருள்களை மேற்புறத்துக்குக் கொண்டு வருகிறது. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டயரில் மெழுகுத் திரை ஓரிடத்தில் உடைந்தால் அது எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே வாரந்தோறும் ஓடும் டயரைவிட, வெயிலில் காற்றடைத்தபடி சும்மா நிற்கும் டயரில் வெடிப்புகள் முந்தித் தோன்றக்கூடும். பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கலவைகளைப் பூசுவதும் இத்திரையைக் கரைத்துவிடும். சோப்பு நீரும் துணியுமே டயருக்குப் போதுமானவை.

இந்தக் காவற்பொருளைப் பற்றி அண்மையில் வெளிவந்த ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள், அம்மாநிலத்தின் ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் திரளாக மடிவதன் காரணத்தைக் கண்டறிந்தனர். டயரில் கலக்கும் ஓஸோன் தடுப்பு இரசாயனம் ஓஸோனோடு சேர்ந்து பிறக்கும் பொருளே அம்மீன்களுக்கு நஞ்சாயிற்று. டயரைக் காக்கும் மருந்து தேய்ந்த துகளோடு சாலையில் உதிர்ந்து, மழைநீரோடு ஓடையில் கலக்கிறது. இதற்கு மாற்றுப்பொருள் தேடும் முயற்சி நடைபெற்று வருகிறது.

உள்ளிருந்து வரும் மூப்பு

வெளிப்புற வெடிப்புகளைக் கண்ணால் காணலாம். அதைவிடக் கொடியது கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே நிகழும் மாற்றம். இன்றைய கார் டயரின் உள்ளமைப்பைச் சுருக்கமாக அறிந்தால் இது விளங்கும். விளிம்பில் எஃகுக் கம்பி வளையங்கள். அவற்றிலிருந்து குறுக்காகச் செல்லும் துணி இழைகள். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக எஃகுக் கம்பிப் பட்டைகள் இரண்டு. இவை அனைத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது ரப்பர். ட்யூப் இல்லாத டயரின் உட்புறத்தில் காற்றை எளிதில் விடாத ஒருவகைச் செயற்கை ரப்பராலான உட்பூச்சு உண்டு.

எனினும் எந்த ரப்பரும் காற்றை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறைவது இயல்பு. அந்தக் காற்று போகும் வழி டயரின் உடல்தான். சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு என்று நாம் அடைக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு. வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் கூட்டினால், உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைப்போல மூன்றே கால் மடங்கு நெருக்கமானது. அதில் உள்ள பிராணவாயுவும் அவ்வாறே. அந்தப் பிராணவாயு இரவும் பகலும், வண்டி ஓடினாலும் நின்றாலும், உட்பூச்சைக் கடந்து எஃகுப் பட்டைகளுக்கு இடையிலுள்ள ரப்பரை அடைந்து இறுகச் செய்கிறது.

பட்டைகளின் ஓரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து உராய்பவை. புதிய ரப்பர் அந்த அசைவுக்கு இணங்கும். இறுகிய ரப்பரில் அங்கே நுண்ணிய பிளவு உண்டாகும். பிளவு ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்து, வேகமும் உஷ்ணமும் பாரமும் கூடிய ஒரு நாளில் மேற்பட்டை முழுவதும் உரிந்து போய்விடும். மேற்புறத்தில் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் அடைப்பதால் பயன் உண்டா என்று பலர் கேட்பதுண்டு. பிராணவாயு குறைவதால் உள்மூப்பு தாமதப்படும் என்பது உண்மையே. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. உள்ளே இருந்த காற்றை நன்கு வெளியேற்றாமல் நைட்ரஜனைச் சேர்த்தால் பலன் குறையும். உஷ்ணத்தால் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மாதந்தோறும் அழுத்தத்தைச் சோதிக்கும் பழக்கத்துக்கு எந்த வாயுவும் ஈடாகாது.

ஸ்டெப்னியின் கதை

மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். ஆதியில் மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரமின்றியே விற்கப்பட்டன. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்னும் ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், காற்றடைத்த டயரோடு கூடிய ஆரமில்லாச் சக்கரம் ஒன்றை அமைத்து, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டும் முறையைக் கண்டார். அவருடைய பட்டறை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயர் அச்சக்கரத்துக்கு ஆயிற்று. அது பிறந்த நாட்டில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது; நம் நாட்டின் பஞ்சர்க் கடைகள்தோறும் இன்றும் வாழ்கிறது.

நாம் மேலே கண்டவற்றிலிருந்து ஸ்டெப்னியைப் பற்றிய ஓர் உண்மை தானே பெறப்படும். அது ஓடவில்லை; தேயவில்லை; வெயிலையும் பெரும்பாலும் பார்க்கவில்லை. ஆனால் அதனுள் அடைத்த காற்று இருக்கிறது. கோடையில் மூடிய காரின் பின்பெட்டி அடுப்புப் போல் காய்கிறது. ஆகவே ஸ்டெப்னியின் உட்புறமும் ஆண்டுக்காண்டு இறுகுகிறது. பத்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த ஸ்டெப்னியைப் புதியதென்று எண்ணி மாட்டிக்கொண்டு நெடும்பயணம் தொடர்வது, ஆபத்து வேளையில் ஆபத்தையே துணைக்கு அழைப்பதாகும்.

பிற நாடுகள் கற்ற பாடம்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அந்த டயர்களின் அமைப்பு, குறைந்த காற்றழுத்தம், உஷ்ணம் எனக் காரணங்கள் பல பேசப்பட்டன. வயதை மட்டும் காரணமாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சிக்குப் பின் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் டயரின் மூப்பைத் தனியே ஆராய முற்பட்டது. கொடும் வெப்பத்துக்குப் பெயர்போன அரிஸோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், ஓட்டத்திலிருந்த டயர்களைத் திரட்டிச் சோதித்தார்கள். உட்புற ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகி வலுவிழந்து வருவது தெரிந்தது. ஓடாத மாற்றுச் சக்கரங்களிலும் இம்மாற்றம் காணப்பட்டது.

பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் 2002 முதல் 2006 வரையிலான கணக்கையும் அந்நிர்வாகம் 2007-இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சந்தாதாரர்களில் 27 சதவீதத்தினர் டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, லூயிஸியானா, ஃப்ளோரிடா, அரிஸோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் வாழ்பவர்கள். ஆனால் டயர் பற்றிய இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அம்மாநிலங்களிலிருந்தே வந்தன. அவற்றிலும் 84 சதவீதம் ஆறு ஆண்டுகளைக் கடந்த டயர்களைப் பற்றியவை. வெப்பமும் வயதும் கூடினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் ஸர்ரே மாவட்டத்தில், இசை விழாவுக்குச் சென்று திரும்பிய பயணிகள் நிறைந்த பேருந்து ஒன்று, முன்சக்கர டயர் வெடித்துச் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூவர் மாண்டனர். வெடித்த டயரின் வயது பத்தொன்பதரை ஆண்டுகள். அந்தப் பேருந்தைவிட அது மூத்தது. பள்ளத்தின் ஆழமோ சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. டயரின் வயதுக்கு அந்நாளில் சட்டத்தில் வரம்பு இல்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்கில் இடைவிடாது வற்புறுத்தினார். அதன் பயனாக 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, பத்தாண்டுகளைக் கடந்த டயர்களை லாரி, பேருந்து ஆகியவற்றின் முன்னச்சிலும், மினி பேருந்தின் ஒற்றைச் சக்கரங்கள் அனைத்திலும் மாட்டலாகாது என்ற விதி அங்கு நடைமுறைக்கு வந்தது.

சேமித்து வைக்கும் முறை

டயரை வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் மூப்பு பெரிதும் வேறுபடும். சக்கரத்தில் மாட்டாமல், காற்றடைக்காமல், குளிர்ந்த இருட்டறையில் வைத்த டயர் மிக மெதுவாகவே மூப்படைகிறது. உள்ளே அழுத்தப்பட்ட பிராணவாயு இல்லை, சுவரில் இழுப்பு இல்லை, உஷ்ணமும் இல்லை. ஆகவே முறையாகச் சேமித்த டயர் உற்பத்தியாகி ஓரிரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அதனால் அஞ்ச வேண்டியதில்லை. கடைவாசலில் வெயிலிலும் மழையிலும் அடுக்கி வைத்த டயரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

வீட்டில் டயரைச் சேமிப்போர் கவனிக்க வேண்டியவை சில. அறை ஈரமின்றியும் வெயில் புகாமலும் இருத்தல் வேண்டும். மின்சார மோட்டார், வெல்டிங் கருவி போன்று தீப்பொறி எழுப்பும் சாதனங்கள் ஓஸோனை உண்டாக்குமாதலால், தண்ணீர் இறைக்கும் மோட்டார் உள்ள அறை டயருக்கு ஏற்றதன்று. பெட்ரோல், எண்ணெய், கிரீஸ் ஆகியவை படலாகாது. சக்கரம் இல்லாத டயரை நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒருமுறை சற்றே உருட்டித் திருப்பி வைக்க வேண்டும். ஆணியில் தொங்கவிடக் கூடாது. சக்கரத்தோடு கூடியதைப் படுக்கையாக அடுக்கலாம்.

வண்டியையே நெடுநாள் நிறுத்தி வைக்க நேர்ந்தால் வேறொரு தொல்லையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, எண்ணற்ற கார்கள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. தரையைத் தொட்டிருக்கும் இடம் பாரத்தால் தட்டையாகி, மீண்டும் ஓட்டும்போது வண்டி தடதடவென்று அதிர்வதைப் பலரும் உணர்ந்தனர். சிறிது தூரம் ஓடி டயர் சூடேறியதும் இத்தட்டை பெரும்பாலும் நீங்கிவிடும். காற்றிறங்கிய நிலையில் பல மாதம் நின்றால் அது நிலைத்தும் போகலாம். வெளியூருக்கு மாற்றலாகிச் செல்வோர், வண்டியை ஒப்படைத்துச் செல்லும் உறவினரிடம் வாரம் ஒருமுறை அதைச் சற்று ஓட்டும்படியும், காற்றழுத்தத்தைக் கவனிக்கும்படியும் கேட்டுக்கொள்வது நன்று.

ஓட்டத்தில் உள்ள டயருக்குக் குறைந்த காற்றழுத்தமே பெரும்பகை. காற்றுக் குறைந்த டயரின் சுவர் அதிகம் மடங்குகிறது, மடங்குவதால் சூடேறுகிறது, சூட்டால் முன்னர்க் கூறிய வினைகள் அனைத்தும் விரைவுபடுகின்றன. "கோடையில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது" என்று சிலர் கூறுவது தவறான யோசனை. வண்டியின் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் குறித்த அழுத்தத்தை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வைப்பதே முறை. அளவுக்கு மிஞ்சிய பாரமும் இதே கேட்டை விளைவிக்கும்.

நான்கு இலக்கங்கள்

டயரின் வயதை அறிவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பக்கச்சுவரில் உள்ள எழுத்து வரிசைகளில் ஒன்றின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு உற்பத்தி வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2719 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 27-ஆவது வாரம், அதாவது ஜூலைத் தொடக்கம் என்று பொருள். சில டயர்களில் இக்குறி ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் வண்டிக்கு அடியில் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தது. அத்தகைய டயரை எந்த வண்டியிலும் ஓட்டலாகாது.

எத்தனை ஆண்டில் மாற்றுவது என்பதில் தயாரிப்பாளர்கள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். கார் உற்பத்தியாளர் பலர், பள்ளம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் ஆறு ஆண்டில் மாற்றுமாறு கூறுகின்றனர். டயர் உற்பத்தியாளர் சிலர், ஐந்து ஆண்டு ஓட்டத்துக்குப் பின் ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்கும்படியும், தயாரித்துப் பத்தாண்டு ஆனதும் கட்டாயம் கழிக்கும்படியும் கூறுகின்றனர். நம் நாட்டின் பெரும்பகுதி வெப்பப் பிரதேசமாதலால், இவ்விரண்டில் முதல் எல்லையை அனுசரிப்பதே அறிவுடைமை என்பது நம் கருத்து. அந்த வயதுக்கு முன்பே பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ தென்பட்டாலும், வழக்கமில்லாத அதிர்வு தோன்றினாலும், உடனே கவனிக்க வேண்டும். மேற்பட்டை உரிவதற்கு முன் சில சமயம் அந்த அதிர்வு ஒன்றே எச்சரிக்கையாக வரும்.

கழித்த டயரை என்ன செய்வது என்பதிலும் கவனம் தேவை. வயது கடந்தாலும் பள்ளம் ஆழமாக உள்ள டயருக்குப் பழைய டயர் வாங்குவோரிடம் நல்ல விலை கிடைக்கும். அது அங்கிருந்து, புது டயர் வாங்க வசதியில்லாத டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் வண்டிக்குப் போகிறது. நாம் நம் குழந்தைகளை ஏற்றிச்செல்லத் துணியாத டயரில் அவர் நாள்தோறும் பிறரை ஏற்றிச் செல்கிறார். மறுசுழற்சிக்கென்று எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்தால் சில நூறு ரூபாய் நஷ்டமாகலாம். அந்த நஷ்டத்தை ஏற்பதே நியாயம். பழைய டயர் வாங்குவோரும், பள்ளத்தை விரலால் அளப்பதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களைப் படித்தல் வேண்டும்.

கார் வைத்திருப்போர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், ஒரு துணியும் சிறிது நீரும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார்களாக. பக்கச்சுவரைத் துடைத்து அந்த எண்களைப் படித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள அரை மணி போதும். நான்கு டயர்களோடு நின்றுவிடாமல், பின்பெட்டியைத் திறந்து ஐந்தாவதையும் பார்க்க மறத்தல் கூடாது.